ஐந்து வட்டியும் நாற்பது ரூபாயும்: மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் உறுப்பினர்களான சகோதரிகளுக்கு,



பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை ஒன்றுகூடி, வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் தங்களால் இயன்ற தொகையைச் சேர்த்து, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிக்கொள்ளும் அமைப்பே சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் இவ்வமைப்பு 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1997-98 முதல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இடையில் 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியதால், அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்கும் வங்கியின் கதவு திறந்தது. இவ்வரலாற்றில் வரிசைமுறை ஒன்று உண்டு. முதலில் சேமிப்பு, அடுத்து அச்சேமிப்பிலிருந்து கொடுக்கப்படும் உள்கடன், அவ்விரண்டிலும் ஒழுங்கு காட்டிய பிறகே வங்கிக் கடன் என்றுதான் குழுக்கள் வளர்ந்தன. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கேடு ஆகிய ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுப்பதும் இவ்வரிசையை நினைவில் நிறுத்தத்தான்.

இன்று பல ஊர்களில் இவ்வரிசை தலைகீழாகியுள்ளது. கூட்டம் என்றாலே டியூ கட்டும் நாள் என்றும், குழு என்றாலே லோன் வாங்கும் வழி என்றும் ஆகிவிட்ட நிலையில், மாதம் 100 ரூபாய்ச் சேமிப்பு ஒரு சடங்காக மட்டும் தொடர்கிறது. உறுப்பினரின் வீட்டுக்குள் ஓடும் மற்றக் கடன்களைப் பற்றிக் குழு கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. குழுவில் ஒரு கடன், வாரக்கடன் நிறுவனத்தில் ஒரு கடன், தண்டல்காரரிடம் ஒரு கடன், அடகுக்கடையில் நகை என்று நான்கு பக்கமும் பணம் கட்டும் ஒருவர், ஒன்றைக் கட்ட இன்னொன்றை வாங்குகிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே போகிறது. இச்சுழலிலிருந்து வெளியேற அன்றாடச் செலவுத் திட்டமும் சிறுசேமிப்பும் உண்மையிலேயே உதவும் என்பதும், அவை தனி வீட்டின் முயற்சியாக நிற்கும்போது அடையும் பலனைவிடக் குழுவின் உள்கடனோடு சேரும்போது அடையும் பலன் பலமடங்கு என்பதும் இம்மடலின் கருத்து.

இங்கே குழு என்னும் ஒரே பெயரில் வழங்கும் இரண்டு அமைப்புகளைப் பிரித்தறிதல் அவசியமாகிறது. நுண்நிதி நிறுவனங்கள், அதாவது ஏழைக் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் சிறு கடன் வழங்கும் நிறுவனங்கள், ஐந்து பேரையோ பத்துப் பேரையோ சேர்த்து அமைப்பது கூட்டுப் பொறுப்புக் குழு. அதில் பொதுச் சேமிப்பு கிடையாது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்னும் பொறுப்பு மட்டுமே உண்டு. சுயஉதவிக் குழுவிலோ பணமும் வட்டியும் உறுப்பினர்களுக்கே சொந்தம். உறுப்பினர் கட்டும் வட்டி ஊரை விட்டு வெளியேறாமல் குழுவின் பொதுநிதியிலேயே சேர்கிறது. இந்த ஒரு வேறுபாடே பின்வரும் கணக்குகள் அனைத்துக்கும் அடிப்படை.

கடனை அடைப்பதற்கான முதல் வேலை கடனை எழுதுவது. மிகச் சாதாரணமாகத் தோன்றும் இவ்வேலையைப் பெரும்பாலான குடும்பங்கள் செய்வதில்லை. காரணம் சோம்பல் அன்று, பயம். மொத்தத் தொகையை ஒரே தாளில் பார்க்கும் துணிவு எளிதில் வருவதில்லை. கணவருக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் கணவரும் வாங்கியவை அதில் வெளிப்படும் என்னும் அச்சமும் உண்டு. ஆயினும் எழுதாத கடனை எவராலும் வரிசைப்படுத்த முடியாது. குழந்தையின் பழைய நோட்டு ஒன்றில், யாரிடம் வாங்கியது, கையில் வந்த தொகை எவ்வளவு, இன்னும் எவ்வளவு நிற்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு கட்டப்படுகிறது, ஈடாகக் கொடுத்தது என்ன என்று ஐந்து கட்டங்கள் போட்டு எழுதினால் போதும். ஈடு என்பதில் நகையும் பத்திரமும் மட்டுமல்லாமல், தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ரேஷன் அட்டை, ஏ.டி.எம். அட்டை ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்; கடன் முடிந்த பிறகும் பலரைத் துரத்துபவை இவைதாம்.

அடுத்து வருவது வட்டியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல். ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு மொழியில் பேசுவதால்தான் எது மலிவு, எது கொள்ளை என்பது தெரியாமல் போகிறது. ஊர்வழக்கில் ஐந்து வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். ஆண்டுக்கு அது 60 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்பதை ஊர்க்கணக்கில் சொன்னால் முக்கால் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 75 பைசா. தண்டலில் வட்டி என்ற சொல்லே வருவதில்லை. 10,000 ரூபாய்த் தண்டல் என்று பேசி, 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும்போது, ஆயிரம்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் முழு 9,000 ரூபாயும் 100 நாளும் கடன் வாங்கியவரின் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது கரையத் தொடங்கி, பாதி நாளுக்குள் ஏறத்தாழப் பாதி திரும்பிவிடுகிறது. நாள்தோறும் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், இத்தண்டலின் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 77 சதவீதம். பிடித்தம் 1,500 ரூபாயாக இருந்தால் அது 120 சதவீதத்தையே தாண்டுகிறது.

இதே மயக்கம் நிலைவட்டி என்னும் முறையிலும் உண்டு. வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது நிலைவட்டி. கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுவது குறையும் வட்டி. 10,000 ரூபாயை 12 சதவீத நிலைவட்டியில் வாங்கி 12 மாதத் தவணையாகக் கட்டுபவர் 1,200 ரூபாய் வட்டி கொடுக்கிறார். குறையும் வட்டிக் கணக்கில் அது 21 சதவீதத்துக்கும் மேல். ஆகவே கடைக்காரரோ நிறுவன ஊழியரோ சதவீதத்தைச் சொல்லும்போது, அது நிலைவட்டியா குறையும் வட்டியா என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இவ்விவரம் கேட்டுப்பெறும் சலுகையன்று, உரிமை. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கப்படும் கடனில், வட்டியும் எல்லாக் கட்டணங்களும் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காப்பீடு போன்றவற்றை அவருடைய முழுச் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணைக்கு மட்டுமே போடலாம். முன்கூட்டியே கடனை முடிப்பவரிடம் அதற்காக அபராதம் வாங்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன விதி சிறுசேமிப்பாளருக்குப் பெரிய துணை. ஒரு தீபாவளி போனஸ் கொண்டோ ஓர் ஆட்டை விற்ற பணம் கொண்டோ கடனை இடையிலேயே முடித்தால், மிச்ச மாத வட்டி மிச்சம்தான்.

இனி வீட்டுச் செலவு. கடன் பற்றிய அறிவுரைகள் பலவும் டீயைக் குறை, பூ வாங்காதே, பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுக்காதே என்று தொடங்குகின்றன. இம்மடல் அவ்வழியில் செல்ல விரும்பவில்லை. குழந்தையின் பாலையும் தாயின் உணவையும் குறைத்துச் சேர்க்கும் பணம் சேமிப்பாகாது. அது சில மாதம் கழித்து மருத்துவச் செலவாகத் திரும்பி வரும். மேலும், பெரும்பாலான குடும்பங்களைத் தண்டல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துவது அன்றாடச் செலவு அன்று. ஆண்டில் ஐந்தாறு முறை மொத்தமாக வந்து விழும் செலவுகளே. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் சீருடையும் நோட்டும், ஆடியில் ஊர்த் திருவிழா வரி, ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் அடுத்தடுத்து வரும் கல்யாண மொய், ஐப்பசியில் தீபாவளித் துணி, இடையில் ஒரு காதுகுத்தும் ஒரு வளைகாப்பும். இவற்றைத் திடீர்ச் செலவு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பள்ளி ஜூனில் திறக்கும் என்பது ஜனவரியிலேயே தெரியும். எந்த மாதத்தில் முகூர்த்தம் அதிகம் என்பதைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாத்தனார் மகள் கல்யாணம் நிச்சயமாகும் நாளிலேயே தாய்மாமன் வீட்டுச் சீர் எவ்வளவு என்பதும் ஏறத்தாழ நிச்சயமாகிவிடுகிறது.

ஆகவே அன்றாட வரவுசெலவுத் திட்டம் என்பது நாள்கணக்கிலிருந்து தொடங்காமல் ஆண்டுக்கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. கடந்த ஆண்டு இத்தகைய செலவுகளுக்கு மொத்தம் 24,000 ரூபாய் ஆகியிருக்குமானால், மாதத்துக்கு 2,000 ரூபாய் என்பது அக்குடும்பத்தின் உண்மையான மாதச் செலவின் ஒரு பகுதியே. அதை ஒதுக்காமல் மாதம் முடிந்ததும் கையில் நிற்கும் பணத்தை மிச்சம் என்று கருதுவது கணக்குப் பிழை. இத்தொகையை முழுமையாக ஒதுக்க முடியாத குடும்பங்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் எழுதிவைத்த பிறகுதான், 500 ரூபாய் மொய்யை 300 ஆக்குவதா, திருவிழாவுக்குப் புதுத்துணி தவிர்ப்பதா, தீபாவளிக்குத் தவணையில் டிவி எடுக்காமல் இருப்பதா என்று அமைதியாகப் பேசி முடிவெடுக்க வீட்டாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. மொய் ஒருவகைக் கடன் என்பதும், திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதும் ஊரறிந்த செய்தி. அதனால்தான் மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள், மற்றக் கடன்களுக்கும் அப்படியொரு நோட்டைப் போடத் தயங்குவது வியப்பளிக்கிறது.

சிறு வரவுகளைக் கணக்கில் கொண்டுவருவது அடுத்த படி. 2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்ததால், நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஒரு பெண்ணுக்கு மாதம் பல நூறு ரூபாய் மிச்சமாகிறது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் தகுதி பெற்ற குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. இவ்விரண்டும் தனியே நிற்காமல் பொதுச் செலவில் கலந்துவிடுவதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் உள்ள பெண்கள் பிறர் அறியாமல் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்துவைக்கும் சிறுவாட்டுப் பணம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் காத்திருக்கிறது என்பதை எவரும் மறுக்க முடியாது. அச்சிறுவாடு இன்று போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதே கேள்வி.

கடன் இருக்கும்போது சேமிப்பது எதற்காக என்னும் ஐயம் இயல்பானது. அது பாதி சரியானதும்கூட. சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டே வெளியில் 60 சதவீத வட்டி கட்டுவது நட்டம். தீபாவளிச் சீட்டும் நகைச்சீட்டும் இக்கணக்கில் மிக மோசமானவை. ஐந்து வட்டிக் கடன் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கையில் மறுபுறம் நகைச்சீட்டுக் கட்டும் குடும்பம், வாங்கப்போகும் நகையின் விலையைவிட அதிகமான பணத்தை வட்டியாக இழக்கக்கூடும். பதிவு செய்யப்படாத சீட்டில் அசலே போய்விடும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. ஆயினும் கையில் ஒரு ரூபாய்கூட வைக்காமல் எல்லாவற்றையும் கடனுக்கே கட்டிவிடுவதும் சரியன்று. ஒரு காய்ச்சலோ, கணவருக்கு ஒரு வாரம் வேலை இல்லாமையோ வந்தால், அடைத்த கடனைவிட மோசமான புதுக்கடன் வாங்க நேரிடும். ஆகவே இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவும் ஒரு மாதத் தவணையும் சேர்ந்த அளவுக்கு ஒரு தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, அதற்குமேல் சேரும் ஒவ்வொரு ரூபாயையும் அதிக வட்டியுள்ள கடனின் அசலுக்குச் செலுத்துவதே தக்க வழி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இன்னும் வாங்காமல் இருந்தால், அதை வாங்குவதும் கடன் தடுப்பு வேலையே. பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றுக்காக வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போவதை அது தடுக்கிறது.

இப்போது குழுவின் பங்கு. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஓர் உறுப்பினர் 20,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் 1,000 ரூபாய் தவறாமல் கட்டுகிறார். அத்தொகை முழுவதும் வட்டிக்கே போவதால், 20 மாதத்தில் வாங்கிய பணம் முழுவதையும் கட்டிவிட்ட பிறகும் அசல் 20,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. அவர் நாளுக்கு 40 ரூபாய் சேமிக்கிறார் என்று கொள்வோம். மாதம் 1,200 ரூபாய். வட்டிக்காரர்கள் பலர் அசலைச் சில்லறையாக வாங்கிக்கொள்வதில்லை. மொத்தமாகக் கொண்டுவா என்று சொல்லிவிடுவார்கள். எனவே அவர் தனியாகச் சேர்த்தால் 20,000 ரூபாய் சேர ஏறத்தாழ 17 மாதம் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் இன்னும் 17,000 ரூபாய் போயிருக்கும்.

அதே உறுப்பினருக்கு அவருடைய குழு, தன் பொதுநிதியிலிருந்து 20,000 ரூபாயை ஒரு வட்டிக்கு, குறையும் வட்டி முறையில், பத்து மாதத் தவணைக்குக் கொடுக்கட்டும். வட்டிக்காரரின் கடன் அன்றே முடிகிறது. இனி அவர் மாதம் 2,000 ரூபாய் அசலும், முதல் மாதம் 200 ரூபாய் வட்டியும் கட்ட வேண்டும். ஆக 2,200 ரூபாய். இது அவர் ஏற்கெனவே வட்டிக்காரருக்குக் கட்டிவந்த 1,000 ரூபாயும் நாளுக்கு 40 ரூபாய்ச் சேமிப்பான 1,200 ரூபாயும் சேர்ந்த தொகையே. புதிதாக ஒரு பைசாவும் தேவையில்லை. வட்டி மாதந்தோறும் 20 ரூபாய் குறைந்து, கடைசி மாதம் 20 ரூபாயில் முடிகிறது. பத்து மாதத்தில் கட்டிய மொத்த வட்டி 1,100 ரூபாய். அதுவும் குழுவுக்கே, அதாவது அவருக்கும் பங்குள்ள நிதிக்கே, போய்ச் சேர்கிறது. நாற்பது ரூபாய் தனியாக நின்றபோது 17 மாதமும் 17,000 ரூபாய் வட்டியும் கேட்ட கடன், குழுவோடு சேர்ந்தபோது பத்து மாதத்தில் முடிகிறது.

குழுவின் பொதுநிதியில் அவ்வளவு பணம் இல்லையெனில், வங்கி இணைப்புக் கடனைப் பயன்படுத்தலாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் ஆண்டுக்கு 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது. ஒவ்வொருவருக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, யார் வீட்டில் அதிக வட்டிக் கடன் ஓடுகிறதோ அவருக்கு முதலில் என்று தீர்மான நோட்டில் எழுதிவிட்டால், அதே பணம் பலமடங்கு வேலை செய்யும். சமப் பங்கீடு நியாயமாகத் தோன்றினாலும், கடன் தேவையில்லாத உறுப்பினர் தம் பங்கை வாங்கி வெளியில் மூன்று வட்டிக்கு விடும் வழக்கமும் அதன் நிழலில்தான் வளர்கிறது. இதைக் குழுக்கள் வெளிப்படையாகப் பேசித் தடுக்க வேண்டும்.

வட்டிக்காரரின் கடனை அடைக்கக் குழு கொடுக்கும் இந்த மாற்றுக்கடனில் சில நடைமுறைகளைத் தளர்த்தவே கூடாது. பணத்தை உறுப்பினரின் கையில் கொடுத்து அனுப்பாமல், ஊக்குநரும் இன்னோர் உறுப்பினரும் உடன் சென்று வட்டிக்காரரிடம் நேரில் கட்டி, கையெழுத்திட்ட புரோநோட்டையும் காசோலையையும் அட்டைகளையும் அங்கேயே திரும்பப் பெற வேண்டும். புரோநோட்டு வீட்டில் இல்லை, நாளை தருகிறேன் என்று அவர் சொன்னால், பணத்தையும் நாளை கொடுப்பதே முறை. முழுத் தொகையும் பெற்றுக் கணக்கு முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதும், திரும்பிய புரோநோட்டின் குறுக்கே கோடிட்டுத் தேதி எழுதி வைப்பதும் சிறு வேலைகள்தாம். இவை இல்லாததால் ஒரே கடனை இருமுறை கட்டியவர்கள் உண்டு. தண்டலை அடைத்த உறுப்பினர் அத்தண்டலைப் புதுப்பிக்க மாட்டார் என்பதும் தீர்மானத்தில் இடம்பெறட்டும். 100 நாள் தவறாமல் 100 ரூபாய் எடுத்துவைக்கும் பழக்கம் தண்டல் கட்டும் எல்லாப் பெண்களிடமும் ஏற்கெனவே இருக்கிறது. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது பெரும் அநீதி. நூற்றோராம் நாளில் அந்த 100 ரூபாயை எடுத்துவைக்கும் கை நின்றுவிடாமல், அது அடுத்த கடனுக்குத் திரும்பினால் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது.

கடன்களை எந்த வரிசையில் அடைப்பது என்பதில் இரு கருத்துகள் உண்டு. அதிக வட்டியுள்ளதை முதலில் அடைத்தால் பணம் மிச்சம். தொகை சிறிதானதை முதலில் அடைத்தால் மனத்துக்கு ஊக்கம். ஐந்து வட்டியும் பத்து வட்டியும் ஓடும் வீட்டில் ஊக்கத்துக்காக மலிவான கடனை முதலில் அடைப்பது கட்டுப்படியாகாது என்பதால், இங்கு வட்டி வரிசையே சரி. வட்டியில்லாத கைமாற்று கடைசியில் வரலாம். ஆனால் கொடுத்தவரிடம் எப்போது தரப்படும் என்று நேரில் சொல்லி, இடையில் சிறிதளவாவது கொடுத்துவருவது உறவைக் காக்கும். நகைக்கடனில் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்: வட்டியைக் கட்டாமல் ஆண்டு இறுதியில் வட்டியையும் அசலோடு சேர்த்து மறு அடகு வைப்பதைத் திருப்பியதாக எண்ணக் கூடாது. மாதாமாதம் வட்டியையாவது கட்டி வந்தால் நகை வீடு திரும்பும் வாய்ப்பு நிலைக்கும். அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு இருக்கும் நகையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ மாற்றினால் வட்டி பாதிக்கும் கீழே இறங்குகிறது.

இவ்வளவு செய்தும் சில வீடுகளில் கணக்கு நேராகாது. மாதத் தவணைகளின் கூட்டுத்தொகை வருமானத்தில் பாதியைத் தாண்டிவிட்ட குடும்பத்தில் நாற்பது ரூபாய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசுவது அவர்களை நோகடிப்பதாகும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளும், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது என்றே சொல்கின்றன. தாண்டிய பிறகும் கொடுத்தது நிறுவனத்தின் தவறு. அத்தகைய உறுப்பினர் எந்தப் புதுக்கடனும் வாங்காமல், தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். அவரைத் தனியே அனுப்பாமல் குழு நிர்வாகிகள் உடன் செல்வது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் தகவல் அறிக்கையை வாங்கிப் பார்த்தால், அவர் பெயரில் அவரறியாத கடன் ஏதும் இருக்கிறதா என்பதும் தெரியவரும்.

வசூல் முறைக்கும் எல்லை உண்டு. நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். இருமுறை தொடர்ந்து அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். திட்டுவதும் மிரட்டுவதும் உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய பெயர்களில் அநியாய வட்டி வாங்குவோர் மீது 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி காவல்துறையில் புகார் கொடுக்கலாம். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், இரண்டு சிறு குழந்தைகள் உட்பட ஒரு குடும்பமே உயிரிழந்தது. சட்டத்தின் கதவைத் தட்டும் தெம்பு, தனியாக நிற்கும் குடும்பத்துக்கு எளிதில் வருவதில்லை என்பதை அந்நிகழ்வுக்குப் பிறகும் அறியாமல் இருக்க முடியாது.

அதனால்தான் இம்மடல் குழுக்களிடம் கேட்பது ஒன்று உண்டு. கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில், தவணை கட்ட இயலாத பெண்ணின் வீட்டு வாசலில் மற்ற உறுப்பினர்களைக் கொண்டுபோய் இரவுவரை உட்காரவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது; வசூல் ஊழியர் செய்யக் கூடாததைச் சக பெண்களைக் கொண்டு செய்விப்பதே அது. சுயஉதவிக் குழு உறுப்பினர் எவரும் அப்படி இன்னொருவர் வாசலில் உட்காருவதில்லை என்றும், எந்த உறுப்பினர் வாசலிலாவது அப்படி யாரேனும் உட்கார்ந்தால் குழு அங்கே சென்று அவர் பக்கம் நிற்கும் என்றும் ஒவ்வொரு குழுவும் தன் தீர்மான நோட்டில் எழுதி, அனைவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் கடன் நோட்டையும் உடன் கொண்டுவரட்டும். அதிக வட்டி எவருடையதோ, அங்கிருந்து உள்கடன் வரிசை தொடங்கட்டும்.